கணக்கில் வராத மூன்று பீக்: கீழாநெல்லி – வெள்ளி நானோ ஆய்வு ஒன்றின் நிகழ்வுப் பதிவு

புதுச்சேரியில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையில் நடந்தது இது. அந்த ஆய்வுக்கு வழிகாட்டி நான்தான். பிழையில் எனக்கும் பங்கு உண்டு, சொல்லப்போனால் பெரும்பங்கு எனக்குத்தான். சம்பந்தப்பட்ட இரண்டு மாணவர்களின் சம்மதத்தோடு, யார் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

மூலிகைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றி நானோ துகள் செய்வது நம் பக்கத்துக் கல்லூரிகளில் மிகப் பரவலான முனைவர் பட்டத் தலைப்பு. காரணம் எளிது. செலவு குறைவு. ஒரு தராசு, ஒரு ஹாட் பிளேட், வேலியோரத்தில் ஒரு செடி இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். சாற்றில் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள் கரைசலில் உள்ள வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றும், இதை ஒடுக்குதல் என்போம். வெளிர்மஞ்சள் கரைசல் அரைமணி, ஒரு மணி நேரத்தில் பழுப்பாகும். எந்த ஒளியைக் கரைசல் உறிஞ்சுகிறது என்று காட்டும் யு.வி. கருவியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு மேடு எழும். அது எழுந்துவிட்டால் துகள் உருவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம்.

ஆய்வு மாணவர் கடலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கீழாநெல்லியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். மஞ்சள் காமாலைக்கு அவருடைய ஆயா அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தது அவருக்கு நினைவில் இருந்தது. எனக்கு நினைவில் இருந்தது வேறு. 1988இல் சென்னையிலிருந்து லான்செட் இதழில் வந்த ஆய்வு அது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்றும், வெற்றுமாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்றும் சொன்னது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. செடியின் இனம் மாறியதா, வளர்ந்த மண் மாறியதா என்றெல்லாம் அப்போது விவாதம் நடந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் வேறு செடி என்ற எண்ணம் என் மண்டைக்குள் முன்பே உட்கார்ந்திருந்தது. பின்னால் எங்களைத் திசைதிருப்பியது அதுதான்.

முதல் சுற்று: நவம்பர்

மழைக்காலத்தில் பாகூர்ப் பக்கம் வரப்பில் கீழாநெல்லி தானாகவே முளைத்துக் கிடக்கும். மாணவர் அங்கிருந்து செடிகளைப் பறித்து வந்தார். 10 கிராம் இலையை 100 மி.லி. தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினார். சாறு 10 மி.லி., ஒரு மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 90 மி.லி. கலந்ததும் கொஞ்ச நேரத்தில் பழுப்பு நிறம். யு.வி.யில் 430 அருகே மேடு. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

துகளில் என்ன படிகம் இருக்கிறது என்று எக்ஸ்கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்டி கருவி எங்களிடம் இல்லை. வெளியே காசு கட்டி எடுத்தோம். வந்த படத்தில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் நான்கு பீக், அதாவது கூர்முகடுகள், இருந்தன. அவை உலோக வெள்ளிக்கு உரியவை, சந்தேகம் இல்லை. அவற்றோடு 27.8, 32.2, 46.2 டிகிரியில் இன்னும் மூன்று இருந்தன. அதிலும் 32.2இல் இருந்தது வெள்ளியின் பெரிய பீக்கைவிட உயரம்.

"இது என்ன?" என்று கேட்டேன். "பயோ ஆர்கானிக் ஃபேஸ் மேடம், நிறைய பேப்பர்ல இப்படித்தான் போட்டிருக்காங்க" என்றார் மாணவர். நான்கைந்து கட்டுரைகளைக் காட்டினார். உண்மைதான், போட்டிருந்தார்கள். துகளின் மேல் செடியின் கரிமப் பொருள்கள் படிகமானதால் கூடுதல் பீக் வந்தன என்ற ஒரே வாக்கியம் கட்டுரைக்குக் கட்டுரை நகர்ந்து வந்திருந்தது. நாங்களும் அதையே எழுதினோம். எந்தக் கரிமப் பொருள், அதன் படிகத் தரவு எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று எண்களைப் படிகங்களின் பீக் பட்டியல் உள்ள தரவுத்தொகுப்பில் போட்டுத் தேடியிருந்தால் பத்து நிமிட வேலை.

நுண்ணுயிர்ச் சோதனையை வேறொரு துறையின் உதவியோடு செய்தோம். கிருமி வளர்க்கும் அகர் தட்டில் குழி வெட்டிக் கரைசலை ஊற்றும் முறை. ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் இரண்டிலும் குழியைச் சுற்றிக் கிருமி வளராத நல்ல வளையம் தெரிந்தது. ஒப்பீட்டுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வைத்தோம். வெறும் வெள்ளி நைட்ரேட்டையும் வெறும் சாற்றையும் வைக்கவில்லை.

பிப்ரவரியில் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். அதற்குமுன் ஒரு மாநாட்டிலும் மாணவர் அதைப் படித்துவிட்டு வந்தார்.

ஒத்துவராத முடிவு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை

இதே நேரத்தில் ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கு அந்தத் தயாரிப்பையே ப்ராஜெக்டாகக் கொடுத்திருந்தேன். நடந்த வழியில் போனால் அவருக்குச் சுலபம், எங்களுக்கும் ஒரு மறுபரிசோதனை ஆகும் என்ற எண்ணம்தான். அவருடைய கரைசல் எங்களுடையதைவிட அடர்த்தியான, தெளிவான பழுப்பு. எக்ஸ்ஆர்டியில் வெள்ளியின் நான்கு பீக் மட்டுமே இருந்தன. கூடுதல் மூன்றும் இல்லை.

இன்று யோசித்தால் அதுதான் சுத்தமான முடிவு. அன்று நாங்கள் சொன்னது, "எங்கேயோ விட்டுப்போச்சு, திரும்பச் செய்." திரும்பச் செய்தார். அதே நான்கு. சாம்பிள் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. இரண்டாவது முறை அவர் தன் கைக்காசில் கட்டினார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மார்ச்சில் செடியின்மேல் சந்தேகம் வந்தது. அந்த மாணவி வயலுக்குப் போகவில்லை, ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாக வாங்கியிருந்தார். தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். செய்தித்தாளை விரித்துக் கட்டைப் பிரித்துப் போட்டவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "இதுல பாதி கீழாநெல்லியே இல்லம்மா, மேலாநெல்லி." கீழாநெல்லியில் காய்கள் இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகத் தொங்கும், பெயர் வந்ததே அதனால்தான். மேலாநெல்லியின் இலை அடியில் குறுகி நுனியில் அகன்று இருக்கும், அந்த வரிசை இருக்காது. காய்ந்து நொறுங்கிய கட்டில் பழகிய கண்ணுக்குத்தான் இது தெரியும்.

எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. கலப்படம் உண்மை, கண்ணெதிரே கிடக்கிறது. ஆக, மாணவியின் முடிவு மாறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டினோம். ஒன்று உண்மையாக இருப்பதும் அது காரணமாக இருப்பதும் வேறு வேறு என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் முடிவுகளுக்கான பகுதியில் குறைத்துப் போட்டேன். ஏப்ரலில் மதிப்பெண் போய்விட்டது.

இருந்தாலும் அந்தப் பெண் விடவில்லை. வைவா முடிந்த பிறகும் ஒரு வாரம் வந்தார். ஆய்வு மாணவர் பறித்த அதே வரப்பிலிருந்து செடி கொண்டுவந்தார். இந்த முறை மாதிரியைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டு இனத்தை உறுதி செய்துகொண்டோம். ஃபில்லாந்தஸ் அமாரஸ், அதாவது கீழாநெல்லியேதான். சாம்பிளை அனுப்பிவிட்டு அவர் பி.எட். சேர ஊருக்குப் போய்விட்டார். மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. சரியான செடி, அதே நான்கு பீக்.

அந்த வாரமே ஆய்விதழிலிருந்தும் பதில் வந்தது: சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு மதிப்பீட்டாளர்களும் அந்த மூன்று பீக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழாயடி: ஜூன்

துப்பு கொடுத்தது ஆய்வக உதவியாளர். இருவரும் செய்ததில் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செடி, வெப்பம், நேரம், வெள்ளி நைட்ரேட் பாட்டில் என எல்லாம் ஒன்று. பக்கத்தில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "மேடம், அந்தத் தம்பி பண்ணப்போ தண்ணி வடிக்கிற ஸ்டில் ஓடவே இல்லையே. காயில் எரிஞ்சுபோய் சும்மா கிடந்துச்சு. டிசம்பர்லதான் மாத்துனோம். அதுவரைக்கும் கேன்ல புடிச்சு வெச்சிருந்தது போர் தண்ணிதான்."

ஆய்வு மாணவர் மறுக்கவில்லை. வெள்ளி நைட்ரேட் கரைக்க மட்டும் விலைக்கு வாங்கிய காய்ச்சி வடித்த நீர். இலை கொதிக்கவைக்க போர் தண்ணீர். "கொதிக்கத்தானே போகுதுன்னு விட்டுட்டேன் மேடம்." கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடத்தான் செய்யும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கை வேலை செய்யும்போது வீட்டுப் பழக்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது. கட்டுரையின் செய்முறைப் பகுதியிலோ, முழுவதும் இருமுறை காய்ச்சி வடித்த நீரே பயன்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்தோம். அதுவும் பழைய கட்டுரைகளிலிருந்து நகர்ந்து வந்த வாக்கியம்தான்.

ஒரு சோதனைக் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டோம். தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு. அம்மோனியா விட்டதும் கரைந்தது. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்கு இதைத்தான் எழுதுவோம். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம், சிரிக்கவும் முடியவில்லை.

தரவுத்தொகுப்பில் 04-0783 வெள்ளியின் அட்டை, 31-1238 வெள்ளி குளோரைடின் அட்டை. 27.8, 32.2, 46.2 மூன்றும் இரண்டாவதில் வரிசையாக இருந்தன.

கணக்கு போட்டுப் பார்த்தது

கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. குளோரைடு குடிநீரில் லிட்டருக்கு 250 மி.கி. வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலை, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை போகலாம். எங்கள் போர் தண்ணீரில் உள்ள குளோரைடை, வெள்ளி நைட்ரேட்டால் அளக்கும் மோர் (Mohr) முறையில் தரம்பார்த்தோம். முதல் வரம்பைத் தாண்டியிருந்தது.

250 என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு பயமுறுத்துகிறது. அது லிட்டருக்கு சுமார் 7 மில்லிமோல் குளோரைடு. 10 மி.லி. சாற்றில் 0.07 மில்லிமோல். அதில் வந்து சேரும் வெள்ளி, 90 மி.லி. கரைசலில் 0.09 மில்லிமோல். அதாவது வெள்ளியில் முக்கால் பங்குக்கு மேல் குளோரைடோடு போய்விட வாய்ப்பு உண்டு. வெள்ளி குளோரைடு எவ்வளவு கரையும் என்று காட்டும் கரைதிறன் பெருக்கம் 25 டிகிரியில் சுமார் 1.8 × 10⁻¹⁰தான், அநேகமாக எதுவும் கரைசலில் மிஞ்சாது. கலந்தவுடன் வெள்ளையாகத் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். சாறே கலங்கலாக, பச்சைமஞ்சளாக இருந்ததால் கண்ணுக்குப் படவில்லை. பிறகு எல்லாம் பழுப்பில் மறைந்துபோனது.

உறுதி செய்ய நான்கு குடுவைகள் வைத்தோம், நான்கிலும் வெள்ளி நைட்ரேட் உண்டு. முதலாவதில் வடித்த நீர், இலை. இரண்டாவதில் போர் தண்ணீர், இலை. மூன்றாவதில் வடித்த நீர், இலை, எடைபோட்ட சோடியம் குளோரைடு. நான்காவதில் போர் தண்ணீர் மட்டும், இலையே கிடையாது. அந்த மூன்று பீக் முதல் குடுவையில் இல்லை, மற்ற மூன்றிலும் இருந்தன. இலையே போடாத நான்காவது குடுவையில் அவை ஜம்மென்று நின்றதைப் பார்த்தபோதுதான் செடியின் கரிமப் பொருள் என்ற பேச்சு முடிந்தது. அந்தக் குடுவையின் வெண்மை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல ஊதாச் சாம்பலாகவும் மாறியது. பழைய புகைப்படத் தாள் கறுத்ததும் வெள்ளி ஹாலைடுகளின் இந்தக் குணத்தால்தான்.

இரண்டாவது குடுவையின் துகளை அம்மோனியாவில் கழுவியதும் மூன்று பீக்கும் மறைந்தன. யாராவது இதைச் செய்துபார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: வெள்ளி கலந்த அம்மோனியாக் கரைசலை எடுத்து வைக்காதீர்கள். நின்றால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். வேலை முடிந்த கையோடு அமிலமாக்கி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

தண்ணீர் மட்டுமே காரணம் என்று முடிக்கவும் வழியில்லை. கடலூரில் உப்பனாற்று ஓரத்தில் பறித்த செடியை வடித்த நீரில் கொதிக்கவைத்தபோதும் 32.2இல் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. உப்பு மண்ணில் வளர்ந்த இலை தனக்குள்ளேயே குளோரைடு வைத்திருக்கிறது. ஆகவே வளர்ந்த இடம் முக்கியம் என்று நான் நினைத்தது முழுக்கத் தப்பில்லை. நான் எதிர்பார்த்த விதத்தில்தான் இல்லை.

நுண்ணுயிர்ச் சோதனையும் தப்பவில்லை

ஒன்று சரிந்ததும் மற்றதையும் பார்க்கத் துணிந்தோம். இந்த முறை ஐந்து குழிகள் வெட்டினோம்: முழுக் கரைசல், சுழற்றிப் பிரித்த மேல்நீர், கழுவிய துகள், வெறும் சாறு, அதே செறிவில் வெள்ளி நைட்ரேட். முழுக் கரைசலும் மேல்நீரும் ஏறத்தாழ ஒரே வளையம் தந்தன. வெள்ளி நைட்ரேட் அவற்றுக்குக் குறையவில்லை. கழுவிய துகளின் வளையம் சிறியது. வெறும் சாற்றுக்கு ஒன்றுமில்லை. கிருமியைக் கொன்றதில் பெரும்பங்கு ஒடுங்காமல் மிஞ்சிய வெள்ளி அயனிக்குத்தான். அயனி அகருக்குள் சுலபமாகப் பரவும், துகள் திரண்டு குழியோரமே நின்றுவிடும். அதனால் வளையத்தின் அளவை வைத்துத் துகளின் வீரியத்தை எடைபோடுவதே சந்தேகம்தான். கீழாநெல்லியும் வெள்ளியும் சேர்ந்து கிருமியை விரட்டுகின்றன என்ற எங்கள் கட்டுரையின் மையக் கூற்று இத்தோடு விழுந்துவிட்டது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. திருத்தங்களை மட்டும் செய்து அனுப்புவது ஒன்று. கேட்காத கேள்விக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று துறையில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாவது, மாணவரே முன்வைத்தது: தலைப்பை வெள்ளி – வெள்ளி குளோரைடு நானோ கலவை என்று மாற்றிவிடுவது. இது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கலவைகளுக்கு ஒளிவினையூக்கியாகப் பயன் உண்டு, கட்டுரைகளும் வந்திருக்கின்றன. பிழையைப் புதுமை என்று பெயர் மாற்றிவிடலாம். மூன்றாவது, கட்டுரையைத் திரும்பப் பெறுவது.

இரண்டாவதை நான் மறுத்தேன். நாங்கள் குளோரைடை அளந்து போடவில்லை. அன்றைய தண்ணீரில் எவ்வளவு இருந்தது என்றும் இனித் தெரியாது. அதே கலவையை வேறொருவர் செய்ய வேண்டுமானால் எங்கள் போர் குழாயைத்தான் அனுப்பிவைக்க வேண்டும்.

மாணவருக்கு இது லேசான விஷயமல்ல. அவர் பதிவு செய்தது யுஜிசியின் 2016 விதிமுறையின் கீழ். ஆய்வேடு சமர்ப்பிக்குமுன் இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அது அவருக்கு உதவாது. உதவித்தொகையும் முடியப்போகிற நேரம். இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "திரும்ப வாங்கிடலாம் மேடம். வைவால யாராவது 32.2 என்னன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?" என்றார். ஜூலையில் ஆசிரியருக்குக் காரணத்தோடு கடிதம் எழுதினோம். இரண்டு வரியில் பதில் வந்தது.

பிறகு நடந்தது

எட்டு மாதம் தள்ளிப்போனது. மாணவர் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, சோடியம் குளோரைடை எடைபோட்டுச் சேர்த்து, எந்த அளவில் வெள்ளி குளோரைடு தலைகாட்டுகிறது என்று படிப்படியாகச் செய்தார். பழைய அத்தியாயத்தைவிட இது எளிமையானது, ஆனால் உறுதியானது. வேறோர் இதழில் கட்டுரையாக வந்தது. எம்.எஸ்சி. மாணவியின் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. அதற்கு ஆய்வு மாணவர்தான் முதலில் வாய் திறந்தார்.

மதிப்பெண்ணை மாற்ற முடியவில்லை. முடிவு அறிவித்த பிறகு ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் கை வைக்க விதியில்லை என்றார்கள். மாணவியிடம் போனில் சொன்னேன். "பரவாயில்ல மேடம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ என் சாம்பிள் சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன்.

மாற்றிக்கொண்டவை

தண்ணீர் கேனில் தேதியும் எங்கிருந்து பிடித்தது என்பதும் எழுதி ஒட்டாமல் இப்போது யாரும் தொடுவதில்லை. புதுத் தண்ணீர் என்றால் முதலில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட், பிறகு கடத்துதிறன் மீட்டர். இலை போடாத குடுவை ஒன்று ஒவ்வொரு முறையும் வைக்கிறோம். வெள்ளி நைட்ரேட்டும் சுழற்றிப் பிரித்த மேல்நீரும் இல்லாத நுண்ணுயிர்ச் சோதனையை நான் ஏற்பதில்லை. செடியை எங்கே, எந்த மாதம் பறித்தது என்று நோட்டில் இருக்க வேண்டும், கடைக் கட்டு என்றால் பிரித்துப் பார்த்தவர் யார் என்றும். செய்முறைப் பகுதியை மட்டும் மாணவர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் எழுத வேண்டும்.

பெயர் தெரியாத பீக் வந்தால் படத்தில் கேள்விக்குறி போட்டு விடச் சொல்லியிருக்கிறேன். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். கேள்விக்குறியோடு ஒரு படத்தை டாக்டரல் கமிட்டி முன்னால் வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சரிசெய்ய முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த மாநாட்டு மலரில் அச்சான எங்கள் சுருக்கம் அப்படியே இருக்கிறது. போன மாதம் வேறொரு கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த ஆய்வேட்டில், 32.2 டிகிரி பீக்குக்குக் கரிமப் பொருளே காரணம் என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாக அதைக் காட்டியிருந்தார்கள்.